செம்பில் பிடிக்காத பசை

என் அக்கா பெற்ற மகாராணிக்கு,

உன் வீட்டைக் கண் இமைபோல் காப்பேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு, கீழ்வீட்டு டீச்சரின் கட்டிலில் மழை பெய்வித்த உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. போனில் சொல்லத்தான் நாலு தடவை எடுத்தேன். உன் குரல் கேட்டதும் வாய் வேறு கதைக்குப் போய்விடுகிறது.

செவ்வாய்க்கிழமை பிளம்பர் வந்து, சமையலறைத் தொட்டிக்கு அடியில் அரித்துப்போன செம்புக் கழிவுக் குழாயைப் பாதியில் அறுத்தார். அதற்குக் கீழே புதுப் பிளாஸ்டிக் குழாய் வைத்தார். இரண்டும் பார்வைக்கு ஒரே பருமன். சேர்த்தால் ஒரு நூல் வித்தியாசம். “பசை செம்புல பிடிக்காது சார். ரெண்டு அளவுக்கும் பொருந்துற ரப்பர் உறை இருக்கு, காலைல வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் தண்ணி விட்றாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரிடம் சொல்கிறார்? ஏழு கடலையும் ஒரு துணிப்பந்தால் அடைக்கக்கூடிய என்னிடம். அவர் விட்டுப்போன பசை டப்பாவை எடுத்து, இரண்டு யானைகளை முதுகோடு முதுகு ஒட்டும் அளவுக்குப் பூசினேன். டேப்பை மலைப்பாம்பாகச் சுற்றினேன். பச்சைத் தண்ணீர் விட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்கு நானே கைதட்டிக்கொண்டு, அடுத்து ஒரு பானை வெந்நீரைக் கவிழ்த்தேன். குழாய் கழன்றுகொண்டது. நான் துணி தேடி ஓடுவதற்குள் தரை குளமாகி, தண்ணீர் கீழே இறங்கிவிட்டது.

டீச்சர் நனைந்த தலையணையோடு மேலே வந்தார். யார் செய்த வேலை என்று மட்டும்தான் கேட்டார். “பிளம்பர் மாட்டினதும்மா” என்று சொல்லிவிட்டேன். அதையே உன்னிடமும் உப்புப் புளி சேர்த்துச் சொன்னேன். பிளம்பர் குடித்திருந்தார் போலிருக்கிறது என்றேனே, அதுவும் பொய். அந்த மனிதர் உன் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. நீ உடனே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரும் அவரைக் கூப்பிட வேண்டாம் என்று எழுதிவிட்டாய்.

மறுநாள் காலை அவர் ரப்பர் உறையோடு வந்தார். டீச்சரும் கூடவே வந்து நின்றார். பிளம்பர் குனிந்து, வழிந்து காய்ந்திருந்த பசையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். அதே பசை என் விரல்களில் தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது. செம்பைச் சுரண்டித் துடைத்து, உறையை இரண்டு குழாய்க்கும் பொதுவாக ஏற்றி, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை போட்டு முடுக்கினார். கால் மணி நேர வேலை. டீச்சர் போனபிறகுதான் வாய் திறந்தார். “வயசுல பெரியவர், அவங்க முன்னாடி எதுக்குன்னு விட்டுட்டேன். ஆனா மூணு வீட்டுல வர வேண்டாம்னுட்டாங்க சார்” என்றார். உலகத்தையே வாயால் அளக்கிற நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, கண்ணு.

இன்று காலை டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. இனிப் பிளம்பர் வீட்டுக்குப் போகிறேன். குழுவில் நீதான் எழுத வேண்டும். பழையதை அழித்தால் மட்டும் போதாது. செய்தது மாமா, பழி போட்டதும் மாமா என்று எழுது. ‘வீட்டில் ஒருவர்’ என்று எழுதி என்னைக் காப்பாற்றிவிடாதே. அன்றைக்கு அதே குழுவில், “என் மாமா விளையாட்டுக்கு அளப்பார், ஒருத்தர் மேல பொய் சொல்ல மாட்டார்” என்று அத்தனை பேர் முன்னால் எழுதியிருந்தாயே. அதை இன்னும் ஒருமுறை படிக்கும் தைரியம் எனக்கில்லை.

நீ நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் தீர எவ்வளவு நாளானாலும் ஆகட்டும், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

தலை குனிந்து,
உன் தாய்மாமன்