மூக்கணாங்கயிறோடு அச்சான காளை

என் மகள் கடையில் வாங்கி வந்த நோட்டைப் பிரித்து முகர்ந்து பார்க்கிறாள். எனக்கும் அடிக்கிறது அந்த மை வாசனை. அட்டையில் நீ வரைந்த மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட். கறுப்புக் கோடும் வெள்ளைத் தாளும் தவிர வேறொன்றும் இல்லை. "அப்பா, எம்புட்டு அழகா வரைஞ்சிருக்காங்க பாருங்க" என்கிறாள். நான் ஓவிய ஆசிரியன். இந்த வீட்டுச் சுவர் முழுக்க என் படங்கள். அவற்றைப் பார்த்து அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நீ போய் எட்டு மாதமாகிறது, மாப்ள. உன் மேல் எனக்குள்ள பொறாமை இன்னும் தீரவில்லை.

பசுமலையில் படித்தபோதே அப்படித்தான். எந்தப் போட்டியானாலும் நீ முதல், நான் இரண்டாவது. நான் ஒரு பெட்டி நிறைய வண்ணம் கொண்டுபோவேன். நீ சட்டைப் பையில் ஒரே ஒரு கறுப்புப் பேனாவோடு, அதுவும் தாமதமாக வருவாய். பிறகு நான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தேன். நீ யாரிடமும் வேலைக்குப் போகாமல் கோச்சடை வீட்டு மாடியில் உட்கார்ந்து நோட்டு அட்டைகளுக்கு வரைந்தாய். "பாவம், பிழைக்கத் தெரியாதவன்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். உன் நோட்டை வாங்கியவர்கள் எழுத மனசில்லாமல் அப்படியே பத்திரப்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மார்கழியில் எங்கள் அலங்காநல்லூர் வீட்டுக்கு வண்டியில் வந்தாய். கையில் ஒரு படம்.

"நீ ஊர்க்காரன். தப்பு இருந்தா இப்பவே சொல்லிரு மாப்ள. நாளைக்கு அச்சுக்குப் போகுது."

வாடிவாசலைத் தாண்டிப் பாயும் காளை. நிமிர்ந்த திமில், ஆடும் கழுத்துத் தொங்கல், வெறும் புள்ளிகளிலேயே கிளம்பும் புழுதி. அப்படி ஒரு மாட்டை ஏழு ஜென்மம் எடுத்தாலும் நான் வரைய முடியாது. ஆனால் அதன் மூக்கில் கயிறு இருந்தது. காளையை விடும்போது மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட்டுத்தான் விடுவார்கள். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் அது தெரியும். பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது.

"பிரமாதம்டா. ஒரு கோட்டைக்கூடத் தொடாத" என்றேன். நீ சந்தோஷமாகக் கிளம்பிப் போனாய்.

நோட்டு வந்த வாரமே கடையில் ஒரு மாட்டுக்காரர் சிரித்துவிட்டார். "தம்பி, மூக்கணாங்கயிறோட எந்த ஊர்லய்யா மாடு அவுக்குறாக?" நீ முதலில் எனக்குத்தான் போன் செய்தாய். "நீயும் கவனிக்கலையா? சரி விடு. வாரியா, ரெண்டு பேருமா உக்காந்து சரிபண்ணிருவோம்."

வந்தேன். விற்காமல் இருந்த நோட்டு ஒவ்வொன்றின் அட்டையிலும் கயிற்றை வெள்ளை மையால் மறைத்தோம். நீ அதோடு நிற்கவில்லை. அறுந்த கயிற்றைக் கறுப்புப் பேனாவால் வேறெங்காவது போட்டாய்: ஒன்றில் குளம்படியில், ஒன்றில் புழுதிக்குள், ஒன்றில் ஒருவன் கையில். சில அட்டைகளில் என்னையும் போடச் சொன்னாய். ஒரு நோட்டு மாதிரி இன்னொன்று இல்லை. கயிறு எங்கே கிடக்கிறது என்று ஜனங்கள் தேடித் தேடி வாங்கினார்கள். உன்னைக் கவிழ்க்க நான் பார்த்த வேலையும் உனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அந்த மாடியில் நான் கயிறு வரைந்த அட்டை ஒன்றை எடுத்து நீ வெளிச்சத்தில் பார்த்தாய். "முடிச்சு, பிரி எல்லாம் அப்படியே இருக்கே. இம்புட்டு தெரிஞ்சவன்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாய். பிறகு டீ குடிக்கலாமா என்று கேட்டாய். அவ்வளவுதான். அடுத்த படத்தையும் என்னிடமே கொண்டுவந்து அதே மாதிரி தப்புப் பார்க்கச் சொன்னாய். உன் கையைக்கூட ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டேன். உன் மனசைத்தான் பொறுக்க முடியவில்லை.

நேற்று உன் மனைவி ஒரு கட்டுப் படங்களோடு வந்தார். "அண்ணே, இதெல்லாம் அச்சுக்குப் போகாதது. நீங்க பாத்துச் சரின்னு சொல்லாம எதையும் குடுத்துறக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில வச்சே அவுக சொல்லிட்டாக" என்றார்.

காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும். உன் வீட்டுக்கு ஓடிப்போய் இந்தத் தடவையாவது சொல்லிவிடுவேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாகிவிட்டது. ஒன்றுகூட இல்லையடா, பாவி.