மெர்டேக்கா லாரியில் ஒரு பந்தல்

காஜா பேராங், மலாக்கா
2-9-1957

அன்புள்ள அழகம்மைக்கு,

நான் சுகம். உன் சுகத்தையும், ஆத்தாவின் மூட்டுவலியையும், நம் குட்டி மெய்யம்மையின் பிடிவாதத்தையும் பற்றி எழுது.

மெர்டேக்கா என்று இங்கே சொல்லும் சுதந்திர நாள் ஊர்வலத்துக்கு எங்கள் பட்டறை ஒரு லாரி ஜோடிக்க வேண்டியிருந்தது. கோபுரம் வைக்கலாம் என்றார் என்னோடு வேலை செய்யும் சேதுராமன். ரப்பர் மரம்தான் என்றார் பக்கத்தில் இருந்த கலியாணசுந்தரம்.

"கோபுரம் கரண்டு கம்பியில மாட்டும்யா!"

"உன் அட்டை மரத்துல பால் வடியுமா?"

நாடு விடுதலை பெற நான்கு நாள் இருக்கையில் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். லாரி மொட்டையாக நின்றது. கையெழுத்து நன்றாக இருப்பதால் ஜோடனைக் குழுவுக்கு நான்தான் செயலாளர். மூன்று கூட்டம் போட்டேன். சண்டைக்கு அழகான நடவடிக்கைக் குறிப்பு கிடைத்தது.

எங்களுக்குச் சோறு கொண்டுவரும் கமலவேணியம்மா மலாக்காச் செட்டி. நம் சாமியைக் கும்பிட்டு மலாயில் பேசுகிறவர். அவர் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அலாமா! லோரியில ஏறப் போறது யாரு?"

ஒன்பது பிள்ளைகள். அதில் சேதுராமன் மகளும் கலியாணசுந்தரம் மகளும் உண்டு.

"அப்ப வெயிலுக்கு என்ன செய்வீங்க?"

இருவரும் சேர்ந்தே தென்னங்கீற்று வெட்டப் புறப்பட்டார்கள். பந்தல் போட்டு வாழை கட்டியதும் கோபுரத்துக்கும் இடமில்லை, மரத்துக்கும் இடமில்லை. யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. வட்டமேசை மாநாடுகள் வருஷக்கணக்கில் முயல்வதை, அந்த அம்மா சோற்றுப் பானையை இறக்கும் நேரத்தில் முடித்துவிட்டார்.

சனிக்கிழமை பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து, புதுச் செருப்புக் கால்களை ஆட்டிக்கொண்டே போனார்கள். பந்தல்காலைப் பிடித்தபடி நான் கூடவே நடந்தேன்.

செருப்பு வாங்க வேண்டும்; மெய்யம்மையின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. என்னிடம் உள்ள அளவு, அவள் நடக்கப் பழகுமுன் எடுத்தது.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

சொக்கப்பன்