நம் ஷெட்டுக்குக் கக்கூஸ் வந்த கதை

வாயாடி அக்கா, என் சாலம்மா அக்கா,

அங்கே உனக்கு வசதியெல்லாம் எப்படி? எடுத்ததும் இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. இங்கே நமக்கு வசதி வந்துவிட்டது. ஓசூரில் நாம் பட்டுநூல் எடுத்த அதே ஷெட்டின் பின்னால், உண்ணிச்செடிப் புதரை வெட்டிவிட்டு, பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் கட்டியாகிவிட்டது. கதவு இருக்கிறது. உள்பக்கம் தாழ்ப்பாள்கூட இருக்கிறது. நீ நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும் வரை நாம் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பட்டுக்கூடு வேகிற வெந்நீர்த் தொட்டி முன்னால் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டினாலும் குடித்ததில்லை. ஆண்களுக்கு பாய்லருக்குப் பின்னால் ஒரு தகர மறைப்பு இருந்தது. நமக்கும் ஒன்று கேட்டபோது மேஸ்திரி என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "பொம்பளைங்களுக்குக் கட்டிக் குடுத்தா அங்கயே உக்காந்து கத பேசிக்கிட்டு இருப்பீங்க. இங்க நூல் அறுந்து கெடக்கும்." நீ சும்மா இருப்பாயா? "கத பேச எங்களுக்கு அந்த எடந்தான் கெடச்சுதாங்க?" என்று கேட்டாய். ஷெட்டே சிரித்தது. கக்கூஸ் மட்டும் வரவில்லை.

சித்திரையில் அடிவயிற்று வலியும் குளிர்காய்ச்சலுமாக நீ மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். "தண்ணியே குடிக்கிறதில்லையா நீ?" என்று டாக்டரம்மா திட்டினார். அவரிடமும், "குடிக்கலாந்தாம்மா, குடிச்சுட்டு எங்க போறது?" என்றாய். உன்னைப் புதைத்துவிட்டு வந்த அன்று எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். இன்னும் தீரவில்லை. ஆனால் அழுமூஞ்சிகளோடு நீ பேசமாட்டாய், அதனால் மேலே சொல்கிறேன்.

ஆடி மாதம் சந்திரனில் இரண்டு பேர் இறங்கினார்கள் அக்கா. கதையில்லை, நிஜம். ரேடியோவில் கேட்டுவிட்டு வந்த மேஸ்திரி ஷெட் நடுவில் நின்றுகொண்டு, அவர்கள் உடுப்புக்குள்ளேயே ஒண்ணுக்குப் போக ஏற்பாடு இருக்கிறதாம் என்று வியந்து சொன்னார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூலைத் தொட்டி ஸ்டெல்லா, நாள் முழுக்க வாயே திறக்காதவள், அவள்தான் கேட்டாள்: "சந்திரனுக்கே போயிருச்சு, நம்ம ஷெட்டுக்கு எப்பங்க வரும்?" மேஸ்திரி காது கேட்காதவர் போலப் போய்விட்டார்.

முதலாளியம்மாவை ரெண்டு செம்பு தண்ணீர் குடிக்க வைத்து நம் ஷெட்டில் ஒரு பகல் உட்கார வைக்க வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாயே. ஆயுத பூஜையன்று அதைச் செய்துவிட்டோம். வேண்டுமென்றேதான். பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கியவருக்கு முதலில் இளநீர், பிறகு மோர், அதன்மேல் காபி. பாவம், கொடுத்ததையெல்லாம் மறுக்காமல் குடித்தார். போதாக்குறைக்கு ஐயர் வந்த பஸ்ஸைத் தேன்கனிக்கோட்டை ரோட்டில் யானை மறித்துக்கொண்டது. ஐயர் வராமல் பூஜை இல்லை. பூஜை முடியாமல் கார் கிளம்பாது. அந்த யானைக்கு நாங்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.

கொஞ்ச நேரத்தில் அம்மா நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டு, "பாத்ரூம் எல்லிதெ?" என்று காதில் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்தால் கன்னடம் தெரியாதவர்களுக்கும் புரிந்திருக்கும். சிரிக்கலாம் என்றுதான் நான் காத்திருந்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதும் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. புதருக்குப் பின்னால் கூட்டிப்போய், ஸ்டெல்லாவும் நானும் ஒரு கோணிச் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியே வந்தவர் பட்டுப்புடவையில் சிக்கிய முள்ளைக்கூட எடுக்கவில்லை. "தினா நீவு எல்லிகே ஹோக்தீரா?" என்றார், தினமும் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று. "போறதில்லீங்கம்மா," என்றேன்.

காரில் ஏறி வீட்டுக்காரரிடம் என்ன சொன்னாரோ, அந்த வாரமே கக்கூஸ் கட்டச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒன்று உறுத்துகிறது அக்கா. அவருக்கு ஒரு மத்தியானம் அவஸ்தையானது, சுவர் எழும்புகிறது. நீ போய்ச் சேர்ந்தது அதற்குப் போதவில்லையா?

கதை இன்னும் முடியவில்லை. இனிமேல்தான் முக்கியமானது. மேஸ்திரி வந்து திட்டத்தை விளக்கினார். "செலவே இல்ல, சட்டுனு முடிச்சிரலாம். நாலு செவுரு, கீழ ஒரு தகர வாளி. டவுன்ல இருந்து ஒரு பொம்பள காலையில வந்து கூடையில எடுத்துக்கிட்டுப் போயிருவா." எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். ஸ்டெல்லா தட்டவில்லை.

"டவுன்ல எடுக்கறவ எங்க சித்திதான். மழை பேஞ்சா கூடை ஒழுவும், தலையில," என்றாள்.

"மொதல்ல கட்டட்டும்டி, அப்பறம் பாத்துக்கலாம்," என்றது ஒரு குரல். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நொட்டை சொன்னால் வந்ததும் கைவிட்டுப் போய்விடுமே என்ற பயம். ஆனால் ஸ்டெல்லா அழவுமில்லை, கெஞ்சவுமில்லை, தொட்டியைப் பார்த்துத் திரும்பி, கூட்டில் நூல் நுனியைத் தேட ஆரம்பித்தாள். எங்கள் எல்லாரிடமிருந்தும் வேறு எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை என்று அதில் தெரிந்தது. எனக்குக் கூசிப்போயிற்று.

சனிக்கிழமை முதலாளியும் அம்மாவும் இடம் பார்க்க வந்தார்கள். இந்தத் தடவை மோரும் இல்லை, இளநீரும் இல்லை. நானே நேராகப் போய் நின்றேன். "வாளி வேணாங்கய்யா. குழி தோண்டி, தண்ணி ஊத்தினா போற மாதிரி கட்டிக் குடுங்க. நாளானாலும் பரவால்ல, அதுவரைக்கும் இப்பிடியே இருந்துக்கறோம்." எனக்குப் பின்னால் ஷெட்டே வந்து நின்றிருந்தது. "எடம் இல்லன்னீங்க, எடம் குடுத்தா இப்ப நொட்டையா?" என்று மேஸ்திரி பாய்ந்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

யாருக்காகக் கேட்கிறோம் என்று அம்மா விசாரித்தார். ஸ்டெல்லா சொன்னாள். பெங்களூரில் அம்மா வீட்டுக்கும் பின்சந்து வழியாக அப்படி ஒருத்தி தினமும் வருகிறாளாம். "அவள ஹெசரே கொத்தில்ல," என்றார். அவள் பெயரே தெரியாதாம். சொல்லிவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, குழியே தோண்டச் சொல்லுங்கள் என்றார்.

நம்ம ஊர் மண்ணைப் பற்றித் தெரியுமே, கொஞ்சம் தோண்டியதும் பாறை. ஐப்பசி மழை வேறு. கடைசியில் பாய்லர் ஆட்களே கடப்பாரையோடு வந்து உடைத்தார்கள். "உங்க கக்கூஸுக்கு எங்க இடுப்பு போச்சு," என்று இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள், இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை திறப்பு. ஸ்டெல்லாவின் சித்தி மரியாயி வந்திருந்தாள். கோயிலுக்குக் கட்டும் புடவை, தலையில் பூ. கதவைத் திறந்தவள் அவள்தான். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். அது சளக்கென்று போய் மறைந்ததைக் குனிந்து பார்த்தாள். இன்னொரு செம்பும் ஊற்றிப் பார்த்தாள்.

"இங்க எனக்கு வேலையே இல்லியே," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் பார், நிற்காமல் சிரித்தாள். நாங்களும் சிரித்து ஓய்ந்தோம். ஓய்ந்த பிறகுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. நாளைக்கு எல்லா வீட்டிலும் இப்படி வந்துவிட்டால் அவள் எங்கே போய்ப் பிழைப்பாள்?

அதனால் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டேன் அக்கா. நீ போனதிலிருந்து உன் தொட்டி காலியாகத்தான் கிடக்கிறது. மரியாயிக்கு அதைக் கொடுங்கள், நூல் எடுக்க நான் பழக்கிவிடுகிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிகிறார். வாளி வேண்டாம் என்று என் பின்னால் வந்து நின்றவர்களிலேயே இரண்டு பேர், அவள் கை பட்ட தொட்டிப் பக்கத்தில் எப்படி உட்கார்வது என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். உன் இடத்தில் வேறு யாரையும் நான் உட்கார விடமாட்டேன். தையில் அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள், என் பக்கத்தில். இது உன்மேல் சத்தியம்.

கூடப் பிறக்காவிட்டாலும் உன் தங்கச்சியேதான்,
கௌரம்மா