முன்வாசல் சாவி

வாடன், ஜார்ஜியா
6 மார்ச் 1949

அன்பு மகள் ஒஸெல்லாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் ஒத்துழைக்க மறுக்கிறது. சிகாகோ குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ, கம்பளி போடாமல் வெளியே போகாதே. நீ மருந்தாளர் பட்டம் வாங்கிய செய்தியைப் பாதிரியார் ஞாயிறு ஆராதனையில் வாசித்தார். இங்கே கல்லூரியில் கறுப்புப் பிள்ளைக்கு இடம் தர மனமில்லாமல் அரசாங்கமே பணம் கட்டி உன்னை வடக்கே அனுப்பியதே, அதற்கு நன்றிக் கடிதம் எழுதவேண்டுமா என்று அப்பா கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி நீ இங்கே திறக்கப்போகிற மருந்துக்கடை விஷயம். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் பர்னெல், அதுதான் நம் ஆட்களை அடக்கம் செய்கிற பர்னெல், வாடகைப் பத்திரத்தில் ஆண்பிள்ளை பெயர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "பொம்பளப் பிள்ளை பேர்ல மருந்துக்கடையா, நம்ம ஜனமே வராது சகோதரி. எங்க அக்கா மகன் கிளைட் சும்மாதான இருக்கான், அவன் பேரைப் போட்டுடுவோம்" என்றார். கிளைட் சும்மா இருப்பது ஊருக்கே தெரியும். என் பெயர் இல்லாத கடைக்கு வரமாட்டேன், சிகாகோவிலேயே இருந்துவிடுவேன் என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன். நீ வராமல் போனால் நான் என்ன ஆவேன், வந்தால் இந்த ஊர் உன்னை என்ன செய்யும், இரண்டுக்கும் பயந்தேன். பிறகு, அடக்கத்துக்கு அவர் ஆட்கள் போடுகிற வெள்ளைச் சட்டைகளுக்குக் கஞ்சி போட இனி வேறு சலவைக்காரியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். புதன்கிழமை பத்திரம் வந்தது, உன் பெயர் மட்டும், கூடவே சாவியும்.

நேற்று பெருக்கலாம் என்று துடைப்பத்தோடு போனேன். சாவி திரும்பவே இல்லை. அரைமணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டார் என்று நேரே அவரிடம் போய் சவப்பெட்டிக்கு முன்னாலேயே கத்தினேன். மனிதர் கறுப்புக் கோட்டோடு கூடவே வந்தார். நான் போய் நின்ற கதவைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "சகோதரி, நான் குடுத்தது முன்வாசல் சாவி" என்றார். நம்மை முன்வாசலில் விடாத வெள்ளைக்காரன் கடையில் நாற்பது வருடம் பின்சந்தில் நின்றே மருந்து வாங்கிய கால், மகள் கடைக்கும் பின்கதவுக்கேதான் போயிருக்கிறது. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "இந்தக் கட்டடத்தை வாங்குன அன்னைக்கு நானும் இங்கதான் வந்து நின்னேன்" என்றார். முன்வாசலில் சாவி ஒரே திருப்பில் திறந்தது. உள்ளே போய் நன்றாக அழுதேன், பிறகு பெருக்கினேன். பின்கதவுக்கும் சாவி செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லி, பலகை வைத்து நானே ஆணி அடித்துவிட்டேன்.

ரயிலில் ஒஹையோ ஆறு தாண்டித் தெற்கு தொடங்கியதும், கறுப்பருக்கென்று ஒதுக்கிய பெட்டிக்கு மாறச் சொல்வான் கண்டக்டர், மாறிவிடு, வாய் கொடுக்காதே. பொரித்த கோழி கட்டிக்கொள், வழியில் யாரும் உனக்குச் சாப்பாடு தரமாட்டார்கள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். வீட்டுக்குப் பிறகு வரலாம், முதலில் கடைக்கு வா. நான் முன்வாசலில் நிற்பேன்.

உன் அம்மா,
ஐடபெல்