நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு விளங்காத சொல்

அனுப்புபவர்:
காளிமுத்து பாலம்மா,
இறுதியாண்டு மாணவி, விளையாட்டு உளவியல் பிரிவு,
தோட்ட மேற்பிரிவு, ஹுன்னஸ்கிரிய.

பெறுபவர்:
பணிப்பாளர் அவர்கள்,
மலைநாட்டு உடற்கல்வி நிறுவகம்,
கண்டி.

விடயம்: ஆய்வு மாநாட்டில் என் உரை நிறுத்தப்பட்டமையும், நான் எழுதாத முடிவு என் பெயரில் அச்சிடப்படவிருப்பதும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மாதம் 14ஆம் திகதி நமது நிறுவகம் நடத்திய விளையாட்டு, உடற்பயிற்சி உளவியல் மாநாட்டில் என் ஆய்வை முன்வைக்கப் பதினைந்து நிமிடம் தரப்பட்டது. ஆறாவது நிமிடத்தில் ஒலிவாங்கி நின்றது. மின்சாரம் போகவில்லை. அமர்வுக்குத் தலைமை தாங்கிய கலாநிதி பொன்னையா அவர்கள் கைகாட்டி நிறுத்தச் சொன்னார். எங்கள் பிரிவின் தலைவரும் அவரே, என் ஆய்வின் மேற்பார்வையாளரும் அவரே. மனுவில் கோபம் கூடாது என்பது எனக்குத் தெரியும். குறைத்துத்தான் எழுதுகிறேன்.

2. 2008இல் கலாநிதி அவர்கள், ஓட்டப் போட்டிகளில் கலந்துகொள்ளும் மாணவிகளின் பயத்தை அளக்க ஒரு வினாக்கொத்தைத் தாமே தமிழாக்கினார். அதன் பதினைந்து வாக்கியங்களில் பதினொன்றில் "பதகளிப்பு" என்ற சொல் வருகிறது. தேயிலைத் தோட்டப் பாடசாலை மாணவிகளுக்குப் போட்டிப் பதகளிப்பு இல்லை என்பது அவர் கண்ட முடிவு. போட்டிப் பயத்தைச் சமாளிக்கக் கற்பிக்கும் வருடாந்த முகாமுக்கு அன்றிலிருந்து ஒரு தோட்டப் பாடசாலைப் பிள்ளையையும் அழைக்கவில்லை. பயம் இல்லாதவர்களுக்கு முகாம் எதற்கு என்று கேட்டார்களாம்.

3. அதே வினாக்கொத்தை நான் வத்தேகம, ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மூன்று தோட்டப் பாடசாலைகளில் நாற்பத்தெட்டு மாணவிகளிடம் கொடுத்தேன். நாற்பத்து நான்கு பேர் "ஒருபோதும் இல்லை" என்று அடையாளமிட்டார்கள். வேலை சுளுவாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன் ஐயா, மறைப்பானேன்.

பிறகுதான் சுப்பம்மாவின் தாள் கண்ணில் பட்டது. பதினாறு வயது; 1500 மீற்றரில் வலய மட்டத்தில் முதலாமிடம். மாகாணப் போட்டியில் இரண்டு வருடமும், துப்பாக்கி வெடிக்கும் முன்பே தொடக்கக் கோட்டிலிருந்து விலகி நடந்து போய்விட்டாள். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியிருக்கிறாள். அவளும் எல்லாவற்றுக்கும் "ஒருபோதும் இல்லை" என்றே போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அது என்னா வருத்தம்னு தெரியலக்கா. எனக்கு அப்படி ஒண்ணும் வந்ததில்ல" என்றாள். பதகளிப்பு என்பதை அவள் ஏதோ நோயின் பெயர் என்று நினைத்திருக்கிறாள்.

4. இதில் என் குற்றமும் உண்டு. முதல் நாளே ஒரு பிள்ளை அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டது. விளங்காவிட்டால் இல்லை என்று போடுங்கள் என்று சொன்னவள் நான்தான். நானே அந்தச் சொல்லை இங்கு விரிவுரையில் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டவள். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஒரு சொல்லை மட்டும் "படபடப்பு" என்று மாற்றி, அதே பிள்ளைகளிடம் மறுபடி கொடுத்தேன். இம்முறை முப்பத்தொன்பது பேர் "பெரும்பாலும்" அல்லது "எப்போதும்" என்று போட்டார்கள். சுப்பம்மா தாளின் அடியில் பென்சிலால் தானாகவே எழுதியிருந்தாள்: "வெடிச் சத்தத்துக்கு முந்தி காலு என்னோடதே இல்ல மாதிரி இருக்கும். அதான் போயிடுறேன்." அன்று நான் சோறு தின்னவில்லை.

5. இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் ஒரே ஸ்லைட்டில் போட்டபோதுதான் ஒலிவாங்கி நின்றது. கலாநிதி அவர்கள் சபை முன்னால் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன்: "பிள்ளை, உமக்குத் தமிழ் தெரியாட்டி அது என்ர வினாக்கொத்தின்ர பிழையில்லை. லயத்துப் பேச்சுக்கு அகராதி எழுதுற இடமில்லை இது. இரும்." எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளைச் சொன்னதும் முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். வத்தேகமப் பயிற்றுநர் ஹலீம் அவர்கள் எழுந்து, மீதி நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். பயிற்றுநர்களுக்குக் கேள்வி நேரம் இல்லை என்று அவரையும் உட்கார வைத்தார்கள். நான் உட்காரவில்லை. மிச்சத்தைத் தொண்டை கிழியச் சொன்னேன், பின்வரிசைக்குக் கேட்டிருக்காது.

பதகளிப்பு என்பது கலாநிதி அவர்களின் ஊரில் சின்னப் பிள்ளையும் பேசும் சொல்லாம். நல்ல சொல்தான், இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை என்பதைக் கேட்க ஏன் அவருக்கு இத்தனை கோபம்?

6. மாநாட்டுத் தொகுப்பின் முன்பிரதி 19ஆம் திகதி அறிவித்தல் பலகையில் போடப்பட்டது. 32ஆம் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. இரண்டாவது எண்ணிக்கையைக் காணவில்லை. "தோட்டப் பாடசாலை மாணவிகளிடம் போட்டிப் பதகளிப்பு இல்லை என்பது மீண்டும் உறுதியாகிறது" என்று முடிகிறது. நான் அப்படி ஒரு வரி எழுதவில்லை. கலாநிதி அவர்களின் அறைக்குப் போய்க் கேட்டேன். அப்படியே விட்டால் இறுதியாண்டில் சித்தி பெறலாம், இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டும் என்றார். என் நன்மைக்குத்தான் சொல்கிறாராம்.

7. என் ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தை இணைத்துள்ளேன். "முடிவுகளுடன் உடன்படுகிறேன்" என்ற வரியின் கீழ் மார்ச் 3ஆம் திகதி கையொப்பமிட்டிருப்பவர் கலாநிதி பொன்னையா அவர்களே. அந்த அறிக்கையில் இரண்டு எண்ணிக்கைகளும் உள்ளன. வாசித்துவிட்டுத்தான் கையொப்பமிட்டாரா என்பதை அவரிடமே கேளுங்கள்.

8. ஜூன் 4ஆம் திகதி முகாமுக்கான தெரிவு இந்தத் தொகுப்பை வைத்துத்தான் நடக்கும். ஜூலையில் மாகாணப் போட்டி. மூன்றாம் முறையும் விலகிப் போனால் சுப்பம்மாவை அணியிலிருந்து நீக்குவதாகப் பாடசாலை சொல்லிவிட்டது.

ஆகவே, நான் எழுதிய முடிவையே அச்சிட வேண்டும். முடியாவிட்டால் 32ஆம் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட வேண்டும். எதுவானாலும், இரண்டாவது எண்ணிக்கை தெரிவுக் குழுவின் கைக்குப் போக வேண்டும். தொகுப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதுவரை தினமும் காலை எட்டரைக்குத் தங்கள் காரியாலய வாசலில் இருப்பேன். வரச் சொல்லாவிட்டாலும் வருவேன்.

சித்தி தராவிட்டால் போகட்டும். அடுத்த வருடமும் இதே பிள்ளைகளிடம்தான் போவேன், கண்டதைத்தான் எழுதுவேன். தனக்குப் பயம் என்று தன் பெயர் போட்டே எழுதச் சொல்லி சுப்பம்மா சம்மதம் தந்திருக்கிறாள். அவளுக்குப் பயமே இல்லை என்று என் பெயரில் எழுத நான் சம்மதம் தரவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) கா. பாலம்மா
இடம்: கண்டி
திகதி: 2011.05.23