சமயநல்லூர் வீட்டு வாட்டம்

மாப்ள,

இன்று மத்தியானம் சிம்மக்கல்லில் பைப் வாங்கிக்கொண்டு நிற்கும்போது மண்வாசனை வந்தது. கடைக்காரர் அப்பாடா, மழை என்றார். ஊரே குளிர்ந்துபோய் நிற்க, நான் மட்டும் பெய்யக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். காரணம் நீதான், படுபாவி.

போன வாரம் உன் முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிந்ததும் உன் பெண்டாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, கடைசி நாலு மாசமா அவுகளுக்குக் கண்ணு சரியாத் தெரியல. சுகர் ஏறி மங்கிப்போச்சு. ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

அந்த நாலு மாதத்துக்குள்தானே நாம் சமயநல்லூர் வேலையை முடித்தோம்? ரோட்டை உயர்த்தி உயர்த்தி வீடு பள்ளமாகிப்போன இடம். மழை பெய்தால் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வரும். முற்றத்தைப் பெயர்த்து, எட்டடிக்கு ஓர் அங்குலம் இறங்கும்படி பின்பக்க வாய்க்கால் வரைக்கும் வாட்டம் எடுத்து, மேலே சிமெண்டுக் கல் பதித்தோம். மண்ணுக்கும் கல்லுக்கும் நான் லாரி பின்னால் அலைந்தேன். லேசர் மெஷினும் அளவுகோலும் முழுக்க உன் கையில். வாட்டம் புரண்டால் தண்ணீர் வீட்டுக்குள்தான் திரும்பும். அப்படிப்பட்ட வேலையைக் கண் தெரியாத ஆள் பார்த்திருக்கிறான்!

மெஷினைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் போகவில்லை. தப்பாக இருந்தால் கல்லைப் பெயர்த்து மறுபடி பதித்துக் கொடுத்துவிடலாம், அது ஒன்றும் பெரிதில்லை. மட்டம் பார்த்த ஆள் எங்கே என்று வீட்டுக்காரர் கேட்பாரே. பதில் பேச நீ இல்லாத இடத்தில் உன் பேரைச் சொல்லவா? செத்தவன் தலையில் பழி போட எனக்கு வாய் வராது. ஒரு வாரம் வானத்தைப் பார்த்தே ஓட்டினேன்.

இன்று மழை விட்டதும் வீட்டுக்காரர் போனில் வந்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். வண்டியைச் சமயநல்லூருக்கு விட்டேன்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் இறங்கினேன். அவர் வாசற்படியைக் காட்டினார். காய்ந்து கிடந்தது. கல்மேல் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் வாய்க்காலைப் பார்த்து. ஓரிடத்தில்கூடத் தேங்கவில்லை.

"மழைன்னா இந்தப் படியில சாக்கப் போட்டு அடைச்சுக்கிட்டே கெடப்போம். மட்டம் பாத்தாரே, அவரக் கூட்டியாந்து காட்டலாம்னுதான் போன் அடிச்சேன்" என்றார்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், மாப்ள. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

ஆனாலும் எப்படிச் செய்தாய்? கோலில் மாட்டுகிற பெட்டி, லேசர் ஒளியோடு மட்டம் சேராவிட்டால் விட்டுவிட்டுக் கத்தும், சேர்ந்தால் ஒரே சத்தமாக இழுக்கும். அதற்குக் காது போதும். அங்குலத்தை எதை வைத்துப் பார்த்தாய்? வீட்டுக்காரர்தான் சொன்னார், நீ கண்ணை மூடிக்கொண்டு கோலைக் கட்டைவிரலால் தடவுவாயாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்குலத்துக்கு ஒரு சுற்றுக் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தாயே! விரலால் எண்ணியிருக்கிறாய். வேலை முடிந்த அன்று, புதுக் கோலைப் பாழாக்கிவிட்டாய் என்று அத்தனை பேர் முன்னால் கத்தி, நானே அதை உரித்துப் போட்டேன். "விடு மாப்ள, வேல முடிஞ்சிருச்சுல்ல" என்றாய். அம்புட்டுத்தான்.

சொல்லியிருக்கலாமே. வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றா பயந்தாய்? நிறுத்தித்தான் இருப்பேன். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். டேப் பசை இன்னும் கோலில் பிசுபிசுக்கிறது. நாளை திருவாதவூர் வேலைக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன், துடைக்க மனசில்லை.

நீ போய்ச் சேர்ந்த செய்தியை வீட்டுக்காரரிடம் சொன்னேன். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "அவரு பேரு என்னங்க? நீங்க மாப்ள மாப்ளன்னே கூப்பிட்டீக, எங்களுக்குத் தெரியாமயே போச்சு."

ஒரு வாரமாக அந்த முற்றத்தில் எந்தப் பேரைச் சொல்ல வேண்டி வருமோ என்று பயந்தேனோ, அந்தப் பேரை இனிஷியலோடு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.