அத்தையை நீக்கிய படம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். போனில் நீ என்னை அடக்கிப் பேசும் வேகத்தைப் பார்த்தால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் தெரிகிறது. போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது, மடித்து வைத்தாலும் அங்கேயேதான் கிடக்கும்.

நீ அனுப்பிய பெரிய படம் உடையாமல் வந்து சேர்ந்தது. நீ பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. நான், அம்மா, நீ. கனமான கண்ணாடி, நல்ல மர ஃபிரேம். அம்மா வாசலிலேயே பிரித்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், உனக்குப் பக்கத்தில் அத்தை நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி. அதை ஒட்டி இன்னொரு பூந்தொட்டி. இரண்டிலும் அதே உடைந்த விளிம்பு, அதே வாடிய இலை. என் அக்காவை அழித்துவிட்டு அந்த இடத்தில் தொட்டியை நட்டிருக்கிறாய். அன்றைக்கு நீ போட்டிருந்த வாடகைக் கவுன் கசங்கி வந்ததென்று நீ அழுதாயே, விடிவதற்கு முன்னால் அதைத் தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய்த் தேய்த்து, வேலை உடுப்பை மாற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே ஓடி வந்தவள் அவள். படத்தில் கவுனில் ஒரு மடிப்பு இல்லை. தேய்த்தவளைத்தான் காணோம்.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அத்தை கண்ணை மூடியிருந்தாங்கப்பா, அசிங்கமா இருந்துச்சு, அதான் எடுத்துட்டேன், யாருக்குத் தெரியப்போகுது" என்றாய். ஒரிஜினலை அனுப்பு என்றால் பழைய போனோடு போய்விட்டது என்றாய். யாருக்குத் தெரியப்போகுது என்றால், அவளுக்குத் தெரியும். மூட்டு ஆபரேஷன் முடிந்து இனி மூன்று மாடி ஏற முடியாது என்று நம் வீட்டு முன்னறைக்கே வருவதாக இருந்தாள், கட்டில் போட்டிருப்பது படம் மாட்டும் சுவருக்கு எதிரில். படம் வரும் விஷயத்தை அவளிடம் சொன்னதும் நீதான், "நம்ம எல்லாரும் இருக்கிற படம் அத்தை" என்று. அவள் வார்டு முழுக்க நர்ஸ்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போய் எந்த முகத்தோடு பூந்தொட்டியைக் காட்டுவேன்?

சரி, நீ அழித்ததை நானே திரும்ப வைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். அதே நாளில் எடுத்த வேறு படம் ஒன்றில் அத்தை தனியாக நிற்கிறாள், வெட்டி ஒட்டினால் போதும். போட்டோ கடைக்காரர் செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். வீட்டு ஆளை வீட்டு ஆளே வெட்டிய கதை கடைத்தெருவுக்கு எதற்கு? லிஃப்ட் மெக்கானிக் வேலையை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, இதையும் யாரும் சொல்லித் தர வேண்டாம் என்று உன் காலேஜ் லேப்டாப்பை எடுத்தேன். மூடியின் கீல் போய்விட்டது, பின்னால் பிஸ்கட் டப்பாவை முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும். பேட்டரி செத்துவிட்டது, ஒயரில் கால் பட்டால் அணைந்துவிடும். படம் ஒட்டும் சாஃப்ட்வேர் தேடிய இடத்தில் பெரிய பச்சை பட்டனில் இறக்கு என்று போட்டிருந்தது, அழுத்தினேன். இறங்கியது விளம்பரம். அன்று முதல் திறந்தவுடன் ஒரு பெண் வந்து சீட்டாட வா என்று கூப்பிடுகிறாள், அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். உண்மையான சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்தால், இந்தக் கம்ப்யூட்டர் பழசு, இதில் ஏறாது என்கிறது. பழைய வெர்ஷன் ஒன்றைத் தேடிப் பிடித்தேன், அதை ஏற்ற லேப்டாப் உன் பாஸ்வேர்டைக் கேட்டது. உன்னைக் கேட்டால் சலித்துக்கொண்டே மூன்று அனுப்பினாய், மூன்றாவதுதான் சரி. பாதிக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கும்போது அம்மா பெருக்க வந்து ஒயரைத் தட்டிவிட்டாள். நான் கத்தியதற்கு, "ஒரு போட்டோவுக்கு இந்தப் பாடா? சின்னப் பொண்ணு ஏதோ அழகுக்காகப் பண்ணிட்டா, விடுங்களேன்" என்றாள். முப்பதைத் தாண்டியவள் சின்னப் பெண்ணாம். திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். கடைசியில் இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது.

இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருப்பது உன் சாமான்தான். உன்னிடம் சொன்னதற்கு, "எல்லாத்தையும் அழிச்சிடுங்கப்பா, அந்த டப்பாவையே தூக்கிப் போடுங்க, நான் புதுசு வாங்கி அனுப்பறேன்" என்றாய். உனக்கு எதையும் அழிப்பது லேசாக வருகிறது. எனக்கு வராது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் அழித்தேன், நீ பாதியில் விட்ட பாடம், பாதியில் விட்ட சினிமா எல்லாம் போயிற்று. 'சும்மா' என்று பெயர் வைத்த ஃபோல்டர் ஒன்று இருந்தது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் போனில் இருந்ததையெல்லாம் அதில் கொட்டிவைத்திருக்கிறாய். போனோடு போய்விட்டது என்றாயே, அந்த ஒரிஜினல் அதற்குள் முழுசாக இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். நாம் மூன்று பேரும் கேமராவைப் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்கிறோம். அத்தை கண்ணை மூடவில்லை. நம் எல்லோரையும்விட அவள் உயரம், நீ அவள் தோளுக்குத்தான் வருவாய். குனிந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். பெரிதாக்கிப் பார்க்கும் சிரமம் அழிக்கிறவளுக்கு இருந்ததா என்று தெரியவில்லை. இல்லை, உறுத்தியது கண்ணா, மார்பில் ஆஸ்பத்திரி பேர் போட்ட அந்த நீலக் கோட்டா என்று நீயே உன்னைக் கேட்டுக்கொள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

அந்த சாஃப்ட்வேர் இன்னும் ஏறவில்லை, இனி ஏறவும் வேண்டாம். ஒரிஜினலை அப்படியே கடையில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு, உன் ஃபிரேமிலேயே மாட்டிவிட்டேன். சனிக்கிழமை அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து கட்டிலில் உட்காரவைத்தோம். மூச்சுகூட ஆறவில்லை, முதலில் சுவரைத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, எல்லாரும் நேரா பார்க்கிறீங்க, நான் ஒருத்தி மட்டும் எங்கேயோ பார்த்துப் படத்தையே கெடுத்து வச்சிருக்கேனே. வேற யாராயிருந்தாலும் என்னைக் கழிச்சிட்டுத்தான் மாட்டியிருப்பாங்க. நம்ம குட்டி பாரு, இந்தக் கோட்டோட என்னையும் சேர்த்து ஃபிரேம் போட்டு அனுப்பியிருக்கா" என்றாள். அம்மா அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள். நான் "ஆமாம்" என்றேன். அக்காவிடம் நான் பொய் சொன்னதில்லை, உனக்காகச் சொன்னேன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன், வாங்கி வைத்துக்கொள்.

கழுத்து வலி என்று அம்மாவிடம் சொன்னாயாம். தலையணையை மாற்று, படுத்துக்கொண்டே போன் பார்க்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எங்கள் மூன்று பேருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. என் கோபம் வேறு, அது வேறு. ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் போடு, எனக்கு அல்ல. கண் மூடிய கதையை அவளிடம் எடுத்துவிடாதே. பூந்தொட்டிப் படத்தைச் சுருட்டி இதோடு அனுப்பியிருக்கிறேன், இங்கே அதற்குச் சுவர் இல்லை.

உன் நல்லதை மட்டுமே நினைக்கிற, ஆனால் இதை மறக்கப்போவதில்லாத,
அப்பா